சத்தத்தைச் சமன் செய்துவிட்டுக் கேளுங்கள்

ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் அச்சு அசலாக ஒன்றுதான். ஒன்றில் மட்டும் ஒலி அரை டெசிபல் கூடுதல். எது எதென்று சொல்லாமல் யாரையாவது கேட்கவைத்து, எது நன்றாக இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கூடுதலாக வைத்ததைத்தான் காட்டுவார்கள். ஆனால் சத்தம் அதிகம் என்று காரணம் சொல்லமாட்டார்கள். இதில் குரல் தெளிவாக இருக்கிறது, பேஸ் நிறைவாக இருக்கிறது, கொஞ்சம் விரிந்து கேட்கிறது என்பார்கள். அரை டெசிபல் என்பது சத்தமாகவே உறைக்காத அளவு. உறைக்காததாலேயே மனம் அதைத் தரம் என்று எடுத்துக்கொள்கிறது.

மிக்ஸிங் (தனித்தனியாகப் பதிந்த ஒலிகளை ஒரு பாட்டாகக் கலப்பது), மாஸ்டரிங் (கலந்த பாட்டை வெளியீட்டுக்கு ஒழுங்குபடுத்துவது) கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நான் முதலில் வலியுறுத்துவது இதைத்தான். ஒரு ட்ராக்கில், அதாவது தனியாகப் பதிந்த ஒரு குரலிலோ கருவியிலோ, எந்த மாற்றத்தைச் செய்தாலும், செய்வதற்கு முன்னால் இருந்த ஒலி அளவுக்குத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு இரண்டையும் ஒப்பிடுங்கள். எந்த ஈக்யூ (சுருதிப் பகுதிகளைக் கூட்டிக் குறைக்கும் கருவி) வாங்கலாம், எந்த கம்ப்ரெஸர் நல்லது என்பதெல்லாம் அப்புறம். இந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் எந்தக் கருவியைப் பற்றியும் நம் காது உண்மை சொல்லாது.

காரணம் காதின் அமைப்பிலேயே இருக்கிறது. 1933ல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சரும் மன்சனும் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. மனிதக் காது எல்லாச் சுருதிகளையும், அதாவது அதிர்வெண்களையும், ஒரே அளவில் கேட்பதில்லை. ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையில் அது மிகக் கூர்மையாக இருக்கும். கீழ்ச்சுருதிகளில் மந்தம். 1,000 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை 40 டெசிபலில் ஒலிக்கவிட்டு, அதற்கு இணையாக 100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்க வேண்டுமானால், அதை 60 டெசிபலுக்கும் மேலே ஏற்ற வேண்டியிருக்கிறது. சத்தம் கூடக்கூட இந்த இடைவெளி சுருங்கும். அதாவது வால்யூமைத் திருகினால் பாட்டு வெறுமனே பெரிதாவதில்லை. பேஸ் கூடுகிறது, பாட்டின் நிறமே மாறுகிறது. குறைந்த ஒலியில் மெலிந்து கேட்ட அதே மிக்ஸ், ஏற்றி வைத்தால் தளதளவென்று நிற்கும். நாம் எதையுமே தொட்டிருக்கமாட்டோம்.

இதிலிருந்து வேலைக்கு உதவும் ஒரு விதி கிடைக்கிறது: கேட்கும் அளவை ஓரிடத்தில் நிறுத்திவையுங்கள். சினிமா ஒலிக்கலவை அரங்குகளில் திரைப் பக்க ஸ்பீக்கர் ஒவ்வொன்றையும் 85 டெசிபல் என்று அளந்து வைப்பது நெடுநாள் வழக்கம். சின்ன அறைக்கு அது அதிகம். 75 முதல் 80 வரை வைத்தால் நாள் முழுக்க உட்காரலாம். வால்யூம் குமிழில் அந்த இடத்தை ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவரிடம் குரலை உயர்த்தாமல் பேச முடிகிற அளவு இன்னொரு நல்ல இடம். நான் பெரும்பாலும் அங்கேதான் இருப்பேன். குரல் மூழ்குகிறதா, ஸ்னேர் ட்ரம் துருத்துகிறதா என்பதெல்லாம் மெல்ல ஒலிக்கும்போதுதான் பளிச்சென்று தெரியும். ஏற்றிவைத்தால் எல்லாமே அழகாகத்தான் இருக்கும். காதின் ஆரோக்கியமும் இதில் இருக்கிறது. 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது பணியிடங்களுக்கு வகுத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறையும். 94ஐத் தொட்டால் ஒரு மணி நேரம்தான். ஒருமுறை போன செவித்திறன் திரும்பி வராது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை என்பது என் ஆதங்கம்.

சரி, மிக்ஸிங்குக்கு வருவோம். நாற்பது ஐம்பது ட்ராக் கொண்ட ஒரு பாட்டு கைக்கு வருகிறது. எடுத்த எடுப்பில் ப்ளகின் (மென்பொருள் வடிவிலான ஒலிக்கருவி) பட்டியலைத் திறப்பவர்கள்தான் அதிகம். நான் எல்லா ஃபேடரையும் (ஒவ்வொரு ட்ராக்கின் ஒலி அளவையும் கூட்டிக் குறைக்கும் பிடி) இறக்கிவிட்டு, பாட்டைத் தாங்கி நிற்பது எதுவோ அதை மட்டும் முதலில் ஏற்றுவேன். பெரும்பாலும் குரல், சில பாட்டுகளில் கிக் ட்ரம்மும் பேஸும். பிறகு மற்றவை ஒவ்வொன்றாக உள்ளே வரும். ஒவ்வொன்றையும் கேட்கும் அளவுக்குத்தான் ஏற்றுவேன், கவனிக்கும் அளவுக்கு அல்ல. மிக்ஸின் பெரும்பகுதி இந்தக் கட்டத்திலேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான எண்ணம். ஃபேடரை மட்டும் வைத்து நின்ற ஒரு மிக்ஸ், ப்ளகின்கள் வந்தபின் மெருகேறும். ஃபேடரில் நிற்காத மிக்ஸ் எத்தனை ப்ளகின் போட்டாலும் தள்ளாடிக்கொண்டே இருக்கும்.

இங்கேயும் சத்தம்தான் வழியை மறிக்கும். குரல் கேட்கவில்லை, ஏற்று. இப்போது கிட்டார் கேட்கவில்லை, ஏற்று. கிக் அடிபட்டுப்போகிறது, அதையும் ஏற்று. அரை மணி நேரத்தில் எல்லா ஃபேடரும் உச்சியில் நிற்கும். சமநிலை மட்டும் ஆரம்பித்த இடத்திலேயே இருக்கும். அதனால் ஒன்று கேட்கவில்லையென்றால், அதை மறைப்பது எது என்று தேட வேண்டும். காதுக்கு மறைப்பு என்று ஒரு குணம் உண்டு. ஒரே சுருதிப் பகுதியில் வலுத்த ஒலி இருந்தால் பக்கத்திலிருக்கும் மெலிந்த ஒலி கேட்காமலே போய்விடும். குரலின் தெளிவு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையில் பெருமளவு தங்கியிருக்கிறது. கிட்டாரின் கடிப்பும் அங்கேதான், சிந்தசைஸரின் பளபளப்பும் அங்கேதான். கிட்டாரில் அந்தப் பகுதியை இரண்டு டெசிபல் தாழ்த்திப் பாருங்கள். குரலைத் தொடாமலே அது முன்னால் வந்து நிற்கும்.

ஈக்யூவில் ஏற்றுவதைவிட இறக்குவது நல்லது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். இறக்குவதில் ஏதோ புனிதம் இருக்கிறது என்பதல்ல. ஏற்றினால் ஒலி அளவு கூடும்; கூடினால் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும்; அந்தத் தோற்றத்தில் முடிவெடுத்துவிடுவோம். இறக்கினால் ஒலி குறையும். குறைந்தும் நன்றாக இருந்தால் அது நிஜமாகவே நன்றாக இருக்கிறது. ஏற்றுவதில் தவறே இல்லை, ஏற்றிய அளவுக்கு அவுட்புட்டைக் குறைத்துவிட்டுக் கேட்டால் போதும். இன்னொன்று: ஒரு ட்ராக்கைத் தனியாக ஒலிக்கவிட்டு ஈக்யூ செய்யாதீர்கள். தனியாகக் கேட்டால் கிட்டாருக்குக் கீழ்ச்சுருதி நிறைய வேண்டும் என்று தோன்றும். பாட்டுக்குள் வந்ததும் அது பேஸின் காலை மிதிக்கும்.

கம்ப்ரெஸரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். புரியாமலே அதிகம் பயன்படுத்தப்படும் கருவி இது. ஒரு வரம்பைத் தாண்டும் ஒலியை, இத்தனைக்கு இத்தனை என்ற விகிதத்தில் அமுக்குவதுதான் அதன் வேலை. விகிதம் 4க்கு 1 என்றால், வரம்பைத் தாண்டி 8 டெசிபல் போன ஒலி 2 டெசிபல் மட்டுமே தாண்டி வெளிவரும். ஆனால் கம்ப்ரெஸரின் குணத்தை முடிவு செய்வது விகிதத்தைவிட நேரம்தான்: அமுக்கத் தொடங்க எவ்வளவு நேரம் எடுக்கிறது, விடுவதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது. ஸ்னேர் அடியின் முதல் சில மில்லிசெகண்டில்தான் குச்சி தோலில் படும் அந்தச் சுருக்கென்ற ஒலி இருக்கிறது. அமுக்கத் தொடங்கும் நேரமான அட்டாக்கை மிக வேகமாக வைத்தால் அது நசுங்கிப்போகும், ஸ்னேர் பின்னால் போய்விடும். 20, 30 மில்லிசெகண்ட் என்று நிதானமாக வைத்தால் அந்த முனை தப்பி வெளியே வந்துவிடும். அதன்பின் வரும் உடல் மட்டும் அமுங்கும். அடி கூர்மையாகக் கேட்கும். ஒரே கருவி, ஒரே விகிதம், நேர்மாறான இரண்டு விளைவுகள்.

1967ல் வந்த யூரெய் 1176 என்ற கம்ப்ரெஸர் இன்றும் பேசப்படுவது அதன் வேகத்துக்காக. மிக விரைவான நிலையில் அதன் அட்டாக் 20 மைக்ரோசெகண்ட். ஒரு மில்லிசெகண்டில் ஐம்பதில் ஒரு பங்கு. அதே காலத்து எல்ஏ-2ஏ என்ற கம்ப்ரெஸர் வேறொரு வழியில் போகிறது. உள்ளே ஒரு ஒளிரும் தகடும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒளியுணர்வுப் பொருளும் இருக்கின்றன. ஒலி வலுத்தால் தகடு ஒளிர்கிறது, ஒளி பட்டதும் ஒலி குறைகிறது. ஒளி அணைந்தாலும் அந்தப் பொருள் சட்டென்று பழைய நிலைக்கு வராது. முதலில் விரைவாகவும் பிறகு சோம்பலாகவும் விடும். குரலுக்கு அது இதமாக இருப்பதன் ரகசியம் அந்தச் சோம்பல்தான். முதலில் 1176, அடுத்து எல்ஏ-2ஏ என்று இரண்டையும் வரிசையாகப் போட்டு, துள்ளும் முனைகளை முதலாவதும் மொத்த ஏற்ற இறக்கத்தை இரண்டாவதும் பார்த்துக்கொள்ளும்படி வைப்பது குரலுக்கு நெடுங்காலமாக நடக்கும் வழி. இன்று இரண்டுக்கும் ப்ளகின் வடிவம் உண்டு, அதே வழி செல்லுபடியாகிறது.

அமுக்கியபின் ஒலி குறையும். குறைந்ததை ஈடுகட்ட மேக்கப் கெயின் என்று ஒரு குமிழ் இருக்கும். ஏமாற்றம் நடக்கும் இடம் அதுதான். மூன்று டெசிபல் அமுக்கிவிட்டு ஐந்து டெசிபல் ஏற்றினால் எந்த கம்ப்ரெஸரும் தெய்வீகமாகக் கேட்கும். சில ப்ளகின்கள் இந்த ஏற்றலைத் தாமாகவே செய்துவிடுகின்றன. அந்த வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். கையால் சமன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு ப்ளகினை அணைத்துப் போடும் பைபாஸ் பட்டனைப் பலமுறை தட்டி, எது எந்த நிலை என்று மறந்துபோன பிறகு கேளுங்கள். வித்தியாசம் தெரியவில்லையென்றால் அந்த ப்ளகினைக் கழற்றிவிடலாம். மிக்ஸ் ஒவ்வொன்றிலும் இப்படிக் கழன்றுபோகிறவை ஏராளம். கழன்றபின் பாட்டு சற்றே மூச்சு விடும்.

சத்தத்தை நம்பலாம் என்று சொல்லக்கூடிய ஓர் இடமும் உண்டு. ஒரே ட்ரம்ஸை இரண்டு மைக்குகள் பதிவு செய்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஒரு மைக் மற்றதைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலே அதற்கு ஒலி ஒரு மில்லிசெகண்ட் தாமதமாகப் போய்ச் சேரும். இரண்டையும் ஒரே அளவில் சேர்த்தால் 500 ஹெர்ட்ஸிலும் 1,500லும் 2,500லும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ட்ரம்ஸ் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல இருப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். ஈக்யூவால் இதைத் தீர்க்க முடியாது. அழிந்துபோனதை எப்படி ஏற்றுவது? ஒரு மைக்கின் போலாரிட்டியைத் திருப்பி, அதாவது அலையைத் தலைகீழாக்கிப் பாருங்கள், அல்லது அதன் அலையைச் சற்று முன்னே நகர்த்துங்கள். எந்த நிலையில் கீழ்ச்சுருதி தடிமனாக, சத்தமாக வருகிறதோ அதுவே பெரும்பாலும் சரி. இங்கே கூடும் சத்தம், அழியாமல் மிஞ்சிய ஒலியின் அளவு. மிக்ஸ் முழுவதையும் அவ்வப்போது மோனோவில், இடது வலதை ஒன்றாகச் சேர்த்து, கேட்பதும் இதற்காகத்தான். ஸ்டீரியோவில் அகலமாக விரிந்த கீபோர்ட் மோனோவில் காணாமல் போனால் அங்கே இப்படி ஓர் அழிப்பு நடக்கிறது என்று அர்த்தம். ஒற்றை ஸ்பீக்கர் கொண்ட போனில் கேட்பவருக்கு அந்தக் கீபோர்ட் கிடைக்கவே கிடைக்காது.

அறையும் இதே வேலையைக் காட்டும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 4 மீட்டர் தூரம் இருந்தால் ஏறக்குறைய 43 ஹெர்ட்ஸில் ஒலி நிலைத்து நின்றுவிடும். சுவரோரம் அது முழங்கும், அறையின் நட்டநடுவில் மறைந்துபோகும். நடுவில் உட்கார்ந்து மிக்ஸ் செய்பவர் பேஸ் போதவில்லை என்று ஏற்றிக்கொண்டே போவார். மெல்லிய நுரைத் தகடுகளைச் சுவரில் ஒட்டினால் மேல்ச்சுருதிதான் அடங்கும். கீழ்ச்சுருதிக்குத் தடிமனான, ஆழமான உறிஞ்சிகள் வேண்டும், குறிப்பாக மூலைகளில். முதலில் பணம் போகவேண்டிய இடம் அறைதான், ஸ்பீக்கர் அதற்குப் பிறகு. யமஹாவின் என்எஸ்-10, 1978ல் வீட்டுக்கான ஸ்பீக்கராக வந்தது. பேஸ் குறைவு, நடுச்சுருதி துருத்தும், காதுக்கு இனிமையாக இராது. ஆனாலும் உலகெங்கும் ஸ்டூடியோக்களில் மிக்ஸருக்கு மேலே அது உட்கார்ந்திருந்தது. நடுச்சுருதியில் இருக்கும் குறைகளை அது மறைக்காமல் காட்டியது, அவ்வளவுதான்.

ரிவெர்பைப் (அறையின் எதிரொலிபோல ஒலிக்குப் பின்னால் நீளும் வால்) பற்றி ஒரு வார்த்தை மட்டும். குரலுக்கும் ரிவெர்புக்கும் இடையே 20 முதல் 40 மில்லிசெகண்ட் இடைவெளி விட்டால் சொற்கள் நனையாமல் முன்னே நிற்கும், வெளி பின்னால் விரியும். ரிவெர்பின் கீழ்ச்சுருதியை வெட்டிவிடுங்கள். எவ்வளவு வேண்டும் என்பதை, அதை அணைத்துப் பார்த்து, இல்லாதது தெரிகிறதா என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

இனி மாஸ்டரிங். இதை ஏதோ மந்திரம்போல நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அதன் வேர் இசைத்தட்டில் இருக்கிறது. டேப்பில் இருந்ததைத் தட்டின் பள்ளமாக வெட்டும் வேலை அது. கீழ்ச்சுருதி வலுத்தால் பள்ளம் அகலமாகும், பாட்டின் நீளம் தட்டில் அடங்காது. இடதும் வலதும் கீழ்ச்சுருதியில் வேறுபட்டால் ஊசி துள்ளும். ஸ, ஷ போன்ற ஒலிகள் கூர்ந்தால் ஊசியால் தொடர முடியாமல் கரகரக்கும். எனவே வெட்டும்போது கீழ்ச்சுருதியைக் குறைத்தும், தட்டின் இரைச்சலை அடக்க மேல்ச்சுருதியை உயர்த்தியும் பதிந்து, கேட்கும்போது அதைத் தலைகீழாக மாற்றினார்கள். அதற்கான பொது அளவுகோலாக ஆர்ஐஏஏ வளைவு 1954ல் வந்தது. எங்கே போய்ச் சேரப்போகிறதோ அந்த ஊடகத்துக்கு ஏற்றபடி இசையை ஒழுங்குபடுத்துவது: மாஸ்டரிங் அன்றும் அதுதான், இன்றும் அதுதான். கூடவே ஓர் ஆல்பத்தின் பாட்டுகளை ஒன்றுக்கொன்று பொருந்தவைப்பதும், இதுவரை அந்தப் பாட்டைக் கேட்டிராத ஒரு காது, வேறோர் அறையில், கடைசியாகக் கேட்டுச் சொல்வதும். இந்த மூன்றில் மூன்றாவதுதான் மிக அரிய பொருள் என்பேன்.

1982ல் சிடி வந்தபோது ஊசியின் கட்டுப்பாடு போனது. 16 பிட்டில் சுமார் 96 டெசிபல் ஏற்ற இறக்கத்துக்கு இடம் கிடைத்தது. இத்தனை இடம் கிடைத்தபின் இசை இன்னும் விரிந்திருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. டிஜிட்டலில் பூஜ்யம் என்ற உச்சியைத் தாண்ட முடியாது. ஆனால் ஒரு வரம்பைத் தாண்டவிடாத லிமிட்டர் என்ற கருவியால் முனைகளை வெட்டி மற்றதையெல்லாம் உச்சிக்கு அருகே கொண்டுவரலாம். பக்கத்துப் பாட்டைவிட நம் பாட்டு சத்தமாக இருந்தால் கேட்பவருக்கு அது சிறப்பாகத் தோன்றும் என்பதுதான் கணக்கு. தொடக்கத்தில் சொன்ன அரை டெசிபல் தந்திரத்தை ஒரு தொழில்துறையே சேர்ந்து தொண்ணூறுகளிலும் அதன்பிறகும் செய்தது. 2008ல் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் டெத் மேக்னடிக் ஆல்பம் வெளிவந்தபோது, அதன் பாட்டுகள் வீடியோ கேம் ஒன்றில் இந்த அளவு நசுக்கப்படாத வடிவத்தில் கிடைத்தன. ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துக் கோபப்பட்டார்கள். சத்தத்தைச் சமன் செய்து கேட்டால் என்ன தெரியும் என்பதற்கு அதைவிடப் பெரிய பரிசோதனை எனக்குத் தெரிந்து நடந்ததில்லை.

தீர்வு ஒலிபரப்புத் துறையிலிருந்து வந்தது. முனைகளை அளக்காமல், காது உணரும் சத்தத்தை அளக்கும் முறையை 2006ல் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் வகுத்தது. எல்யூஎஃப்எஸ் என்ற அலகு இதிலிருந்து பிறந்தது; டிஜிட்டல் உச்சிக்கு எவ்வளவு கீழே என்று சொல்வதால் அதன் எண்கள் மைனஸில் இருக்கும். 2010ல் ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் நிகழ்ச்சிகளுக்கு மைனஸ் 23 என்று அளவு வைத்தது. இசைத் தளங்களும் இதைப் பின்பற்றத் தொடங்கின: ஸ்பாட்டிஃபை வழக்கமாக மைனஸ் 14க்கும், ஆப்பிள் மியூசிக் மைனஸ் 16க்கும் பாட்டுகளைச் சமன் செய்கின்றன. மைனஸ் 8ல் மாஸ்டர் செய்து ஏற்றிய பாட்டை ஸ்பாட்டிஃபை 6 டெசிபல் இறக்கித்தான் ஒலிக்கவிடும். நசுக்கியதால் வந்த சத்தம் போய்விடும். நசுங்கியது மட்டும் அப்படியே இருக்கும். கேட்பவர் இந்த வசதியை அணைத்துவைக்கலாம் என்பது உண்மைதான். ஆனாலும் போட்டிக்கான காரணம் பெருமளவு போய்விட்டது.

அதற்காக எல்லாப் பாட்டையும் மைனஸ் 14க்குத்தான் மாஸ்டர் செய்ய வேண்டும் என்று சொல்லமாட்டேன். அந்த எண் தளம் ஒலிக்கவிடும் அளவு, நமக்கான இலக்கு இல்லை. அடர்ந்த ராக் பாட்டு மைனஸ் 9ல் இயல்பாக உட்காரலாம். ஒற்றைக் குரலும் பியானோவும் மைனஸ் 17ல் நிறைவாக இருக்கலாம். நான் செய்வது இது. லிமிட்டரை மெல்ல மெல்ல ஏற்றுவேன். ஏற்றிய அளவுக்கு அவுட்புட்டை இறக்கிக்கொண்டே வருவேன். கேட்கும் சத்தம் மாறாமல் இருப்பதால் காது பாட்டை மட்டும் கேட்கும். ஓரிடத்தில் ஸ்னேர் சப்பையாகும், சரணத்துக்கும் பல்லவிக்கும் இடையிலிருந்த எழுச்சி மறையும். அங்கிருந்து ஓர் அடி பின்னால் வந்து நிறுத்திவிடுவேன். எண் எதுவோ அது அந்தப் பாட்டின் எண். உச்சியை ட்ரூ பீக் (டிஜிட்டல் புள்ளிகளுக்கு இடையே எழும் முனைகளையும் சேர்த்த) அளவில் மைனஸ் 1க்குள் வைக்கிறேன்; எம்பி3 போன்ற சுருக்கங்களுக்கு மாறும்போது முனைகள் சற்று ஏறி உடையும் வாய்ப்பு உண்டு. 16 பிட்டுக்கு இறக்கினால் கடைசியில் ஒருமுறை டிதர் (பிட் குறைவதால் வரும் கரகரப்பைத் தவிர்க்கச் சேர்க்கும் மெல்லிய இரைச்சல்). அதற்குப் பிறகு எதையும் தொடுவதில்லை.

மிக்ஸை வேறொருவரிடம் மாஸ்டரிங்குக்கு அனுப்பும்போது, மாஸ்டர் ட்ராக்கில் சத்தத்துக்காக மட்டும் போட்ட லிமிட்டரைக் கழற்றிவிட்டு 24 பிட் கோப்பாக அனுப்புங்கள். உச்சியில் சில டெசிபல் இடம் இருந்தால் போதும். மைனஸ் 6தான் இருக்க வேண்டும் என்பது சும்மா பரவிய பேச்சு. லிமிட்டரோடு கூடிய பிரதியையும் தனியாகச் சேர்த்து அனுப்புவது நல்லது. பாடகரும் தயாரிப்பாளரும் இத்தனை நாளும் அதைத்தான் கேட்டு ஒப்புதல் கொடுத்திருப்பார்கள்; மாஸ்டரிங் செய்பவர் தன் மாஸ்டரை அதனுடன் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.